அரங்கேற்றம் யாருடையது?

கலையரங்குகளின் வரலாற்றைத் தலைவர்களின் வரலாறாக எழுதுவது நெடுநாளைய வழக்கம். ஒரு நாடக நிறுவனத்துக்குப் புதிய தலைவர் வருவார். அவர் பொறுப்பேற்றபின் முதல் நாடகம் அரங்கேறும். அவ்விரவோடு ஒரு புதிய காலம் பிறந்ததென ஏடுகள் பதிந்துவைக்கும். மத்தளம் அடித்தவர், ஆடலைப் பழக்கியவர், அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் கைப்பொருள் செலவிட்டுக் காத்துவந்த ஊரார் ஆகியோரின் பெயர்கள் நன்றியுரையின் கடைசி வரியில் நிற்கும். சில வேளைகளில் அங்கும் அவற்றுக்கு இடமிராது.

இலங்கையின் நாடக வரலாற்றில் இத்தகைய இரண்டு அரங்கேற்றங்கள் தனிச்சிறப்புடையன. ஒன்று, 1956 நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் கலாநிதி எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய 'மனமே' என்னும் சிங்கள நாடகம். மற்றையது, 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரைக் கொண்டு கலாநிதி சு. வித்தியானந்தன் மேடையேற்றிய 'கர்ணன் போர்'. இலங்கைக் கலைக்கழகத்துத் தமிழ் நாடகக் குழுவின் தலைமையை ஏற்ற வித்தியானந்தன், தாம் எந்தத் திசையில் செல்லப்போகின்றார் என்பதை நாட்டுக்கு அறிவித்தது அந்த முதற் கூத்து மேடையேற்றத்தினால்தான். இவ்விரு இரவுகளும் இரு தனிமனிதரின் வெற்றிகளாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. அவை உண்மையில் யாருடைய உடைமை என்பதே நம் வினா. அதற்கு விடை காண விரும்புவோர் கொழும்புக்கும் பேராதனைக்கும் போகுமுன் முந்தலுக்குச் சென்றுவர வேண்டும்.

புத்தளத்திலிருந்து சிலாபம் நோக்கி இறங்கும் பாதையில், தென்னந்தோப்புகளுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த சிற்றூர் முந்தல். அதன் களப்பை ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் வடக்கே புத்தளக் களப்போடும் தெற்கே சிலாபத்தோடும் இணைக்கின்றது. களப்புக்கு அப்பால், கடலை ஒட்டிய மணற்கரையில் உடப்பு என்னும் தமிழ் மீனவர் கிராமம் உள்ளது. கரைவலை இழுக்கும் உடப்பு மக்களின் அம்பாப் பாடல்களை நாட்டுப்பாடல் ஆய்வாளர் நன்கறிவர். ஆடி மாதத்தில் அங்குள்ள திரௌபதையம்மன் கோயிலில் பாரதக் கதையைத் தழுவிய விழா பதினெட்டு நாள் நடந்து தீமிதிப்போடு நிறைவுறும். கர்ணனும் அருச்சுனனும் அவ்வூரார்க்கு ஏட்டில் படித்த பெயர்களல்லர். ஆண்டுதோறும் ஊருக்குள் வந்துபோகும் உறவினர்.

முந்தலுக்கு வடக்கே மன்னார். தெற்கே சிலாபமும் நீர்கொழும்பும். இந்தக் கரை நெடுகிலும் கத்தோலிக்கம் தழுவிய மீனவர் வாழ்கின்றனர். சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட ஊர்களில் பலருடைய வீட்டுமொழி முன்னாளில் தமிழாகவே இருந்தது. பள்ளிக்கூடத்தின் மொழியும் கோயிலின் மொழியும் சிங்களமாக மாற, இருபதாம் நூற்றாண்டில் ஓரிரு தலைமுறைக்குள் ஊர்கள் மொழி மாறின. பாட்டி தமிழில் செபம் சொல்ல, பேரன் சிங்களத்தில் எழுதப் பழகினான். இரத்தம் மாறவில்லை, தொழில் மாறவில்லை, வலையும் வள்ளமும் மாறவில்லை. மொழியை இனத்தின் மாறாத அடையாளம் என்று முழங்கும் அரசியல்வாதிகள் இருதிறத்தாரும் இந்தக் கரையோரத்தில் ஒருநாள் நடந்து பார்ப்பது நல்லது.

இந்தக் கரைதான் கூத்து ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்ந்த வழி. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையூர்களிலும் கத்தோலிக்கக் குருமார் கிறித்தவக் கதைகளைப் பரப்புதற்கு மக்களின் கூத்து வடிவத்தைக் கையாண்டனர். பாரதமும் இராமாயணமும் ஆடிய களரியில் மூவிராசாக்களும் ஞானசவுந்தரியும் வந்து சேர்ந்தனர். அதே வடிவம் தெற்கு நோக்கிப் பரவியபோது சிங்களத்தில் 'நாடகம' என்னும் பெயரைப் பெற்றது. குழந்தை இயேசுவைக் காணவந்த மூன்று அரசரின் கதையைக் கூறும் 'ராஜ துன்கட்டுவ' என்னும் சிங்கள நாடகம சிலாபத்துக் காபிரியேல் பெர்ணாந்து என்பாரின் பெயரால் வழங்குகின்றது. மன்னாரில் தமிழில் ஆடப்பட்ட மூவிராசாக்களின் கதையும் சிலாபத்தில் சிங்களத்தில் ஆடப்பட்ட கதையும் ஒன்றே. முந்தல் இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொழும்பில் வாழ்ந்த பிலிப்பு சிஞ்ஞோ என்னும் கொல்லர் சிங்கள நாடகமங்கள் பலவற்றை இயற்றிப் புகழ்பெற்றார். அங்கிருந்து இக்கலை தென்கரையில் அம்பலாங்கொடை வரை சென்று, அங்குள்ள குருமாரிடம் நிலைபெற்றது. வந்த வழியை அது மறைக்கவில்லை. நாடகமவின் இசைக்கருவி மத்தளம். அதில் வந்து சிரிப்பூட்டும் கோமாளிக்குப் பெயர் கோணங்கி. அதன் இசையில் தென்னாட்டுச் சாயலும் தமிழ்ச் சொற்களும் இன்றுவரை தெளிவாகக் கிடைக்கின்றன. இவற்றையெல்லாம் ஆராய்ந்து, சிங்கள நாடகமவின் வேர் தமிழ்க் கூத்தில் உள்ளது என்று எழுதியவர் ஒரு தமிழறிஞரல்லர். 'மனமே'யைப் படைத்த சரச்சந்திரவே அவர். 'மனமே' அரங்கேறுவதற்கு முன்பே, சிங்கள நாட்டார் நாடகத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் வெளிவந்துவிட்டது.

இந்தப் பின்னணியோடு 1956ஆம் ஆண்டின் அந்த இரவை நோக்குவோம்.

லயனல் வென்ட் அரங்கம் 1953இல் மாக்சிம் கார்க்கியின் 'அடித்தள மக்கள்' நாடகத்தோடு திறக்கப்பட்டது. தங்க இடமற்றோரின் கதையை ஆங்கிலத்தில் கண்டு களித்தோர் கொழும்பின் வசதிபடைத்தோர். நாட்டு மக்களின் மொழிகள் அத்தகைய மேடையில் அரிதாகவே ஒலித்தன. சிங்கள மேடையில் அப்போது இருந்தவை பார்சி நாடகப் பாணியைத் தழுவிய பழைய இசை நாடகங்களின் எச்சங்களும் ஐரோப்பிய நாடகங்களின் தழுவல்களும் ஆகும். சரச்சந்திரவும் தொடக்கத்தில் தழுவல்களையே செய்தார். நமக்கென்று ஓர் அரங்க மரபு உண்டா என்ற கேள்வி அவரை அம்பலாங்கொடைப் பக்கத்துக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கே சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் நாடகம ஆசான் இருந்தார். பல இரவுகள் தொடர்ந்து நடைபெற்ற பழைய ஆட்டத்தின் இசையும் அடவும் அவரிடமிருந்து பல்கலைக்கழக மாணவருக்குக் கிடைத்தன. சாதகக் கதையொன்றை எடுத்து, பழைய வடிவத்தைச் சுருக்கி, செறிவான கவிதையில் சரச்சந்திர வார்த்தார். விளைவு 'மனமே'. அவ்விரவுக்குப் பின் சிங்கள நாடகம் திரும்பிப் பார்க்கவில்லை.

காலத்தைக் கவனியுங்கள். 1956 யூன் மாதத்தில்தான் தனிச்சிங்களச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்தோர் தாக்கப்பட்டனர். கிழக்கில் உயிர்கள் பலியாயின. அரசாங்கத்துக்கு ஒரே மொழி என்று கூறிய அதே ஆண்டில், ஐந்து மாதம் கழிந்தபின், சிங்களப் பண்பாட்டின் மறுமலர்ச்சி என்று போற்றப்பட்ட நாடகம் தமிழ்க் கூத்தின் வழிவந்த வடிவத்தில் மேடையேறியது. சட்டம் கிழித்த கோட்டைக் கலையின் வரலாறு ஏற்கவில்லை. அவையோருள் எத்தனை பேர் அதை உணர்ந்தனரோ! மத்தளம் மட்டும் தன் பெயரை மாற்றிக்கொள்ளாமல் ஒலித்தது.

'மனமே'யின் வெற்றி பேராதனையில் தமிழ் விரிவுரையாளராக இருந்த வித்தியானந்தனைத் தூண்டியது. 1924இல் தெல்லிப்பழையில் பிறந்த அவர், இலண்டனில் ஆய்வு செய்து 1950இல் பட்டம் பெற்றவர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை எழுதிய பேச்சுத்தமிழ் நாடகங்களைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றிய அனுபவமும் அவருக்கு இருந்தது. அவர் நினைத்திருந்தால் அந்தப் பாதையிலேயே தொடர்ந்திருக்கலாம், யாரும் குறைகூறியிருக்கமாட்டார்கள். நகரத்துப் படித்த வகுப்பாருக்குக் கூத்து என்பது பட்டிக்காட்டார் விடியவிடிய ஆடும் ஆட்டம். 'கூத்தாடி' என்பது வசைச்சொல். அத்தகைய கலையை நாடகக் குழுவின் புதிய தலைவர் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்வார் என எதிர்பார்த்தோர் மிகச் சிலரே.

அவர் செய்தது என்ன? நாட்டுக்கூத்துப் போட்டிகளை நடத்துவித்தார். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அண்ணாவிமாரைத் தேடிச் சென்றார். அவர்தம் கையெழுத்துக் கொப்பிகளில் கிடந்த கூத்துகளைப் பதிப்பித்தார். 'அலங்காரரூபன் நாடகம்' 1962இல் வெளிவந்தது. 'என்றிக்கு எம்பரதோர் நாடகம்' 1964இலும், 'மூவிராசாக்கள் நாடகம்' 1966இலும், 'ஞானசவுந்தரி நாடகம்' 1967இலும் தொடர்ந்தன. இவற்றுள் மூவிராசாக்களின் பதிப்பு தனிக் கவனத்துக்குரியது. சிலாபத்தில் சிங்களமாக மாறிய கதையின் தமிழ் வடிவம் அதனால் அச்சிற் கிடைத்தது. கரையோரம் நெடுகிலும் அறுந்து கிடந்த கயிற்றின் இரு நுனிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது.

கூத்து மட்டக்களப்பு ஊர்களில் உருவாகும் முறையை நாம் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். ஊரார் கூடிக் கூத்தொன்றைத் தேர்வர். அண்ணாவியார் அவரவர் குரலுக்கும் உடலுக்கும் ஏற்பப் பாத்திரம் வகுப்பார். இது சட்டங் கொடுத்தல். பின்னர் மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி; அதன்பின் சதங்கை அணிதல்; பின் அடுக்குப் பார்த்தல்; முடிவில் அரங்கேற்றம். ஊர் நடுவே வட்டக்களரி அமைத்து, அதைச் சுற்றி நாற்புறமும் மக்கள் அமர்ந்திருக்க, இரவு தொடங்கிய ஆட்டம் விடியலில் முடியும். பகலில் வயலில் நின்றவன் இரவில் கரப்புடுப்பும் முடியும் தரித்து அரசனாவான். செலவு ஊருடையது; உழைப்பும் ஊருடையது; புகழும் ஊருடையதே. அங்கே அரங்கேற்றம் என்பது ஒரு தலைவரின் முதல் இரவன்று. பல மாத உழைப்புக்கு ஊர் தானே வழங்கிக்கொள்ளும் சான்றிதழ் அது.

1962இல் 'கர்ணன் போர்' வடமோடிக் கூத்து மேடைக்கு வந்தபோது இவற்றுட் பல மாறின. விடியும்வரை நீண்ட கூத்து ஒன்றரை மணிநேர அளவிற் சுருங்கியது. நாற்புறமும் திறந்திருந்த ஆட்டம் ஒருபுறம் நோக்கியதாயிற்று. திரும்பத்திரும்ப வந்த பாடல்கள் குறைக்கப்பட்டன, ஒளியமைப்பு வந்தது, ஆடுவோரின் முகபாவத்துக்கும் உரையாடலின் தெளிவுக்கும் முதன்மை கிடைத்தது. மாறாதவை இரண்டு: ஆடலும் மத்தளமும். அவற்றைப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். கர்ணனாக ஆடியவர் மட்டக்களப்பிலிருந்து வந்து பேராதனையிற் பயின்றுகொண்டிருந்த மாணவர் சி. மௌனகுரு.

அண்ணாவியாரும் மாணவரும் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது தற்செயலன்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. மத்திய பாடசாலைகள் கிராமங்களில் எழுந்தன. வந்தாறுமூலையிலேயே அத்தகைய பாடசாலையொன்று உருவாகி, சுற்றுப்புற ஊர்களின் உழவர் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல்கலைக்கழகக் கலைத்துறையில் தாய்மொழிப் போதனையும் தொடங்கியது. அதுவரை ஆங்கிலம் பயின்ற நகரத்தார் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த வளாகத்தில் கூத்தைக் கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளைகள் கால்வைத்தனர். அவர்களின்றி வித்தியானந்தன் எத்துணைப் பெரிய அறிஞராயிருந்தும் வடமோடியின் தாளக்கட்டுகளை ஆட ஆள் தேடி அலைந்திருப்பார். ஒரு கல்விச் சீர்திருத்தம் பதினேழு ஆண்டு கழித்து மேடையில் கர்ணனாக வந்து நின்றது என்று கூறின் அது மிகையன்று.

இத்தகைய நிகழ்ச்சிகள் நம் நாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. 1944இல் கல்கத்தாவில் இந்திய மக்கள் நாடக மன்றத்தார் 'நபான்ன' நாடகத்தை மேடையேற்றினர். பிஜன் பட்டாச்சார்யா எழுத, அவரோடு சேர்ந்து சம்பு மித்ரா நெறிப்படுத்தினார். முந்திய ஆண்டு வங்கத்தைத் தின்ற பஞ்சத்தில் பட்டணத்துத் தெருக்களில் விழுந்து மடிந்த உழவர் அந்நாடகத்தில் மேடைக்கு வந்தனர். வங்க நாடகத்தின் போக்கை அவ்விரவு மாற்றியது. எந்த நாட்டிலும் புதிய அரங்கம் பிறக்கும் வேளையில், அதுவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஒரு கூட்டம் உள்ளே வருகின்றது. தலைவரின் திறமை, வாயிலைத் திறந்து வைப்பதிற் காணப்படும்.

அந்த வகையில் வித்தியானந்தனின் பணி பெரிது. 1963இல் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 'வாலிவதை' என அவர் தொடர்ந்தார். மௌனகுரு 1969இல் 'சங்காரம்' நாடகத்தில் வடமோடி ஆட்டத்தைச் சாதியையும் வர்க்கத்தையும் எதிர்க்கும் உழைப்பாளரின் குரலாக்கினார். அக்காலத்தில் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவைத் திறக்கும்படி ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினர், என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' கூத்துப் பாணியில் ஊர் ஊராக ஆடப்பட்டது. பழைய மன்னரின் போரைப் பாடிய மத்தளம் இப்போது கோயில் வாசலில் நின்றவனுக்காக ஒலித்தது. 1962ஆம் ஆண்டின் அரங்கேற்றத்துக்கு இதைவிடச் சிறந்த பயன் வேறென்ன?

ஆயினும் நாம் பாராட்டோடு நின்றுவிடுதல் கூடாது. ஊரின் களரியிலிருந்து கூத்து மேடைக்கு வந்தபோது ஊர் எங்கே நின்றது? நுழைவுச் சீட்டு வாங்கி இருக்கையில் அமரும் பார்வையாளராகவும் அது பெரும்பாலும் இல்லை. அண்ணாவியார் பழக்குபவரானார், நெறியாளர் என்ற பெயர் பேராசிரியருக்குச் சென்றது. செம்மைப்படுத்தப்பட்ட கூத்தே கலை, ஊரில் ஆடுவது அதன் கரடுமுரடான மூலப்பொருள் என்ற எண்ணம் படித்தவரிடையே பரவியது. இந்த எண்ணத்தை எதிர்த்து, 2000ஆம் ஆண்டுகளில் சி. ஜெயசங்கரும் அவருடைய தோழர்களும் மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்தில் வேறொரு வழியைத் தேடினர். கூத்தை ஊரைவிட்டு வெளியே கொணராமல், ஊராரோடு கூடிப் பேசி, களரியிலேயே அதனை மீளுருவாக்கும் முயற்சி அது. சாதித் தாழ்வையும் பெண்ணிழிவையும் பேசும் இடங்களை ஆடுவோரே விவாதித்து மாற்ற முனைந்தனர். வித்தியானந்தன் வழி தவறென்று ஒரு சாராரும், அவ்வழியின்றி இவ்வழி பிறந்திராது என்று மறு சாராரும் வாதிடுகின்றனர்.

இவ்விவாதத்தில் நம் நிலை இதுதான். 1962இல் கூத்துக்கு இருந்த முதல் இடர் இழிவுரை. படித்தவன் அதைக் கண்டு முகஞ்சுளித்தான். ஊரிலிருந்து படிக்கச் சென்றவன் தானும் அதை மறைத்தான். அந்த நாணத்தைப் போக்கப் பல்கலைக்கழகத்தின் மேடை தேவைப்பட்டது. வித்தியானந்தன் தம் பதவியின் மதிப்பைக் கூத்துக்குக் கடனாகக் கொடுத்தார். ஆனால், கடன் கொடுத்தவர் நிலத்துக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. இழிவுரை நீங்கியபின் ஊருக்குத் திரும்பவேண்டியது ஊருக்குத் திரும்பவேண்டும். ஆகவே இரண்டு வழிகளும் ஒன்றையொன்று தொடர்ந்து வரவேண்டியவை; முன்னதோடு நின்றுவிடும் பண்பாட்டுப் பணி பாதிப் பணியே.

இனி முந்தல் கரைக்கு மீள்வோம். மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் ஒரு வித்தியானந்தன் சென்றார், கூத்துகள் அச்சேறின, ஆய்வுகள் பிறந்தன. கூத்து மொழி மாறிய புத்தளம், சிலாபக் கரைக்கு அதற்கிணையான கவனம் கிட்டவில்லை. சிங்கள ஆய்வாளருக்கு அது தமிழரின் எல்லை. தமிழ் ஆய்வாளருக்கு அது இழந்துபோன எல்லை. இருவருக்கும் இடையில், இரு மொழியும் அறிந்த முதியோரின் நினைவில் எஞ்சியிருக்கும் பாடல்கள் ஒவ்வொன்றாக அவர்களோடு மறைகின்றன. கரைவலைத் தொழில் சுருங்கச் சுருங்க அம்பாப் பாடலின் தேவையும் சுருங்குகின்றது. இவற்றைக் காப்பாற்றப் புதியதொரு தலைவர் தோன்றும்வரை காத்திருப்பது அறிவுடைமையாகாது.

முந்தலிலும் உடப்பிலும் சிலாபத்திலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இப்பணியைத் தொடங்கலாம். தமிழ்ப் பாடசாலை மாணவரும் சிங்களப் பாடசாலை மாணவரும் சேர்ந்து தம் பாட்டன் பாட்டியரிடம் பழைய நாடகங்களின் பாடல்களைக் கேட்டு எழுதட்டும். மூவிராசாக்களின் தமிழ்ப் பாடத்தையும் 'ராஜ துன்கட்டுவ'வின் சிங்களப் பாடத்தையும் அருகருகே வைத்து ஒருநாள் படிக்கட்டும். 'மனமே'யைப் பற்றிக் கற்பிக்கும் சிங்கள ஆசிரியர் மன்னார்க் களரியையும், 'கர்ணன் போர்' பற்றிக் கற்பிக்கும் தமிழாசிரியர் அம்பலாங்கொடைக் குருன்னான்சேயையும் பெயர்சொல்லி அறிமுகப்படுத்தட்டும். அதற்குச் சட்டமும் தேவையில்லை, மானியமும் தேவையில்லை.

அவ்வாறு திரட்டியவை என்றேனும் ஒருநாள் மேடையேறுமாயின், அறிக்கையில் முதல் வரியாக அண்ணாவியாரின் பெயரும் அவர் ஊரின் பெயரும் அச்சிடப்படல் வேண்டும். நெறியாளரின் பெயரும் தலைவரின் பெயரும் அவற்றின் கீழே வரலாம்.